பரணில் கிடக்கும் விளையாட்டுப் பெட்டி: அகற்றுவதற்கு முன் ஒரு வேண்டுகோள்

சில மாதங்களுக்கு முன்பு ஓர் அம்மையார் எங்கள் மறுவாழ்வு சிகிச்சைப் பிரிவுக்கு ஓர் அட்டைப் பெட்டியைச் சுமந்து வந்தார். பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்துபோன தம் கணவரை வாரந்தோறும் தவறாமல் அழைத்து வருபவர் அவர். பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே கனமான ஆங்கிலப் புத்தகங்கள் ஐந்தாறும், விரல் உயரத்தில் பறவை நாகங்களும் வாள்வீரர்களுமாகச் சில பொம்மைகளும், ஒரு துணிப் பை நிறையப் பகடைகளும் இருந்தன. அவை நாம் அறிந்த ஆறுமுகப் பகடைகள் மட்டுமல்ல. நான்கு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம் என்று பல வடிவங்களில் இருந்தன.

பெங்களூரில் பொறியியல் படித்த காலத்தில் மகன் நண்பர்களோடு சேர்ந்து ஆடிய விளையாட்டாம் அது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் கதைமாந்தர்களாக மாறிப் பேச, அடுத்து நடப்பதைப் பகடை தீர்மானிக்கும். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டிலிருந்து பெருகிய வகை இது. மகன் இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். பெட்டி சாத்தூர் வீட்டில் கிடக்கிறது. கணவருக்குக் கட்டில் போடவும், கழிப்பறை நாற்காலி வைக்கவும் இடம் வேண்டும். “பழைய பேப்பர்க் கடையில போட்டா கிலோவுக்கு ஏதோ கொடுப்பாங்க சார். ஆனா மனசு வரல. ஆஸ்பத்திரிக்கு ஏதும் ஆகுமா?” என்று கேட்டார்.

எளிய கேள்விதான். ஆனால், நோயாளி உள்ள வீடுகள் பலவற்றில் சொல்லப்படாமல் நிற்கும் கேள்வி அது. ஒருவர் படுக்கையில் விழுந்ததும் வீடு இடம் மாறுகிறது. கட்டில் கூடத்துக்கு வருகிறது, அலமாரி நகர்கிறது, பரண் காலியாகிறது. அப்போது முதலில் வெளியேறுபவை விளையாட்டுப் பொருள்கள். கேரம் பலகை, பல்லாங்குழி, தாயக்கட்டை, சதுரங்கம், பரமபத அட்டை, குழந்தைகளின் சொப்புச் சாமான் எல்லாம் ஒரே மூட்டையில் கட்டப்படுகின்றன. ‘இனி யார் விளையாடப் போகிறார்கள்?’ என்ற எண்ணமே அதற்குக் காரணம். அந்த எண்ணம் சரியா என்பதைப் பற்றியும், அகற்றத்தான் வேண்டுமென்றால் எப்படி அகற்றுவது என்பதைப் பற்றியும் எங்கள் கருத்தை இங்கே முன்வைக்கிறோம்.

உரியவரை முதலில் கேளுங்கள்

எங்கள் முதல் வேண்டுகோள் இதுதான்: நோயாளி மருத்துவமனையில் இருக்கும்போது, அவரைக் கேட்காமல் அவருடைய பொருளை வீட்டிலிருந்து அகற்றாதீர்கள்.

பட்டாசு ஆலை விபத்தில் இரு கைகளிலும் தீக்காயம் பட்ட இளைஞர் ஒருவர் எங்களிடம் நெடுநாள் சிகிச்சையில் இருந்தார். ஊர் மன்றத்தில் கேரம் ஆடிப் பரிசு வாங்கியவர். ‘பலகையைப் பார்த்தால் மனம் வருந்துவானே’ என்று அவருடைய வீட்டார், அவர் வீடு திரும்பும் முன்பே அதைப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட்டனர். அன்பினால் செய்ததுதான், அதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் வீடு திரும்பிய அவர், சுவரில் பலகை சாய்ந்திருந்த இடம் வெறுமையாக இருப்பதைக் கண்டார். “நான் இனி தேற மாட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?” என்று தாயிடம் கேட்டாராம். அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர் பயிற்சிக்கு வரவில்லை. தீக்காயம் பட்ட கைக்கு மூன்று வாரம் என்பது சிறிய இழப்பன்று.

ஒரு பொருள் வீட்டில் இருப்பதும் இல்லாமற்போவதும் நோயாளிக்கு ஒரு செய்தியைச் சொல்கின்றன. எனவே கேளுங்கள். ‘இது இருக்கட்டுமா, யாருக்காவது கொடுத்துவிடலாமா?’ என்ற ஒரு கேள்வி போதும். அவர் ‘கொடுத்துவிடுங்கள்’ என்று சொன்னால் அது அவருடைய முடிவு. பேச இயலாதவர் என்றால் பொருளைக் கண்முன் காட்டுங்கள். முகமும் கையும் பதில் சொல்லும். இறந்துபோன குழந்தையின் விளையாட்டுப் பொருள்களை என்ன செய்வது என்று எங்களிடம் கேட்கும் பெற்றோரும் உண்டு. அவர்களுக்கு நாங்கள் காலக்கெடு எதையும் சொல்வதில்லை. உங்கள் இருவருக்கும் மனம் ஒப்பும் நாளில் செய்யுங்கள். அதுவரை உறவினர் எவரும் அவசரப்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எதையும் விடாமல் வைத்திருப்பதுதான் பாசம் என்று நாங்கள் கருதவில்லை. நடமாடத் தடுமாறும் முதியவர் உள்ள வீட்டில், நடைபாதையில் கிடக்கும் பெட்டி அவரை விழச் செய்யும். இடுப்பெலும்பு முறிந்து எங்களிடம் வரும் முதியோர் பலர் சொந்த வீட்டுக்குள் இடறி விழுந்தவர்களே. இடம் தேவைப்படும்போது பொருளை அகற்றத்தான் வேண்டும். முறையோடு அகற்ற வேண்டும் என்பதே நாங்கள் சொல்வது.

கைக்கு வேலை தரும் காய்கள்

‘மருந்துக்கும் மாத்திரைக்கும் அலையும் நேரத்தில் விளையாட்டைப் பற்றி என்ன பேச்சு?’ என்று சிலர் நினைக்கக்கூடும். கூலி வேலையை விட்டுவிட்டு நோயாளிக்குத் துணையாக அமர்ந்திருப்பவருக்கு அந்த எரிச்சல் வருவது இயல்பே. ஆனால் எங்கள் பிரிவில் விளையாட்டு என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

ஆழமான தீக்காயம் ஆறும்போது உருவாகும் தழும்புத் தோல் சுருங்கும் தன்மை உடையது. காயம் மூடிய பிறகும் பல மாதங்கள் அந்தச் சுருக்கம் தொடரும். அந்தக் காலத்தில் விரல்களை நீட்டி மடக்காமல் விட்டால் அவை மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். பிறகு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். இதைத் தடுக்கவே தாங்கிகளும், அழுத்த உறைகளும், அன்றாடப் பயிற்சியும் தரப்படுகின்றன. பயிற்சி வலிக்கும், சலிப்பூட்டும். ‘விரலை ஐம்பது முறை மடக்குங்கள்’ என்றால் பத்து முறைக்கு மேல் செய்பவர் அரிது. அதே மனிதரைப் பல்லாங்குழியின் முன் உட்கார வையுங்கள். பதினான்கு குழிகளிலும் காயை அள்ளுவதும், ஒவ்வொன்றாக விடுவதுமாக ஓர் ஆட்டம் முடிவதற்குள் நூறு முறைக்கு மேல் விரல்கள் வேலை செய்திருக்கும். எண்ணிக்கை அவருக்குத் தெரியாது, கைக்குத் தெரியும்.

பித்தளைத் தாயக்கட்டையை இரு உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுவது கை முழுவதையும் விரிக்கச் செய்யும் இயக்கம். கேரம் அடிக்கும் விரல், சதுரங்கக் காயைத் தூக்கும் இரு விரல், சீட்டைக் கையில் விரித்துப் பிடிக்கும் ஐந்து விரல் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான பிடி. பக்கவாதம் வந்தவரின் கைக்கும் இதுவே பொருந்தும். ஒரே செயலைப் பொருளோடு, நோக்கத்தோடு, திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் மூளை அந்த இயக்கத்தை மீண்டும் கற்றுக்கொள்கிறது. ஆடுபுலி ஆட்டத்தின் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் கைக்கு மட்டுமின்றித் திட்டமிடும் திறனுக்கும் பயிற்சி தருகின்றன. அதற்குப் பலகைகூட வேண்டாம். தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டால் போதும்.

முதியோரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, 2003ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. படிப்பது, பலகை விளையாட்டுகள் ஆடுவது, இசைக்கருவி வாசிப்பது, நடனமாடுவது ஆகியவற்றில் ஈடுபட்டவர்களிடம் மறதி நோய் குறைவாகக் காணப்பட்டது. விளையாட்டுதான் நோயைத் தடுத்தது என்பதற்கு இது முழுச் சான்றாகாது. நலமாக இருப்பவர்களே அதிகம் விளையாடியும் இருக்கலாம். ஆயினும், செலவில்லாத, தீங்கில்லாத ஒரு பழக்கத்தை முதியோரிடமிருந்து பறிக்காதிருக்க இது போதுமான காரணம்.

நம் மண்ணுக்கு இது புதிதும் அல்ல. சாத்தூருக்கு மேற்கே, வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. அங்குக் கிடைத்தவற்றுள் சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் உண்டு. சங்கு வளையலும் கண்ணாடி மணியும் செய்து பிழைத்த மக்களும் உழைப்புக்கிடையே விளையாடியிருக்கிறார்கள்.

நாங்கள் செய்த தவறு

இவ்வளவும் சொல்லும் நாங்கள் ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு, பயன்படுத்தாத விளையாட்டுப் பொருள்களைக் கொடுங்கள் என்று எங்கள் பிரிவின் வாயிலில் ஓர் அறிவிப்பு ஒட்டினோம். எவற்றைக் கொடுக்கலாம் என்று எழுதவில்லை. ஒரே மாதத்தில் ஓர் அறையின் மூலை நிறைந்துவிட்டது. ராணி இல்லாத சதுரங்கம், ஸ்ட்ரைக்கர் இல்லாத கேரம், சக்கரம் கழன்ற கார்கள், அழுக்கேறிய கரடி பொம்மைகள் என எல்லாம் வந்தன. பிரித்துப் பார்க்க எங்களிடம் ஆள் இல்லை. மழைக்காலத்தில் அட்டைகள் பூசணம் பிடித்தன, எலியும் வந்தது. இறுதியில் பெரும்பகுதியைக் குப்பையாகவே அனுப்பினோம். கொடுத்தவர்களின் நல்லெண்ணமும் வீணானது. தூய்மைப் பணியாளர்களின் உழைப்பும் கூடியது.

அதிலிருந்து நாங்கள் கற்றது இது: தம் வீட்டுக் குப்பையைப் பிறர் வாயிலில் இறக்குவது கொடையாகாது. உங்கள் பேரக்குழந்தையின் கையில் தயங்காமல் கொடுப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். கொடுப்பீர்கள் என்றால் பிறருக்கும் கொடுங்கள். இல்லையென்றால் அது குப்பை. அதற்குரிய வழியில் அகற்றுங்கள்.

எதைக் கொடுக்கலாம், எதைக் கூடாது

கொடுக்கும் முன் ஒருநாள் மாலை தரையில் துணி விரித்து, நோயாளியையும் உடன் அமர்த்தி, எல்லாக் காய்களையும் எண்ணிப் பாருங்கள். குறைந்த காய்க்கு ஈடு இருக்கிறதா என்று பாருங்கள். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டையும் சோழியும் போதும்; தாயத்துக்குப் பொத்தானும் காயாகும். எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். விளையாடும் விதத்தையும் நான்கு வரியில் எழுதினால், பெறுபவருக்கு அது பேருதவி.

பல்லாங்குழிப் பையில் குன்றிமணி இருந்தால் எடுத்துவிடுங்கள். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும் அந்த விதைக்குள் கொடிய நஞ்சு உள்ளது. முழுதாக விழுங்கினால் கடினமான மேல்தோல் பெரும்பாலும் காப்பாற்றலாம். மென்றாலோ, உடைந்த விதையாக இருந்தாலோ உயிருக்கே ஆபத்து. எப்படி விழுங்கியிருந்தாலும் காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

ஒளிரும், பாடும், நகரும் பொம்மைகளில் பட்டன் பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே குழாய் வெந்துபோகத் தொடங்கும். பேட்டரி மூடியில் திருகாணி இல்லாத பொம்மையைச் சிறு குழந்தை உள்ள வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். சிறு காந்த உருண்டைகளையும் அப்படியே தவிருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால், அவை குடலின் மடிப்புகளை நடுவில் இறுக்கிப் பிடித்துத் துளையிட்டுவிடும். பகடை, சோழி, சிறு பொம்மை ஆகியவை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தொண்டையை அடைக்கக்கூடியவை. வண்ணம் உரியும் பழைய பொம்மைகளும் வேண்டாம்; பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது 2021 ஜனவரி 1ஆம் நாளிலிருந்துதான் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தீக்காயப் பிரிவுக்கும் புற்றுநோய்ப் பிரிவுக்கும் துணிப் பொம்மை, பஞ்சுப் பொம்மை எதையும் கொண்டுவராதீர்கள். அங்குள்ளவர்களின் உடலுக்குக் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் குறைவு. சோப்பு நீரில் கழுவித் துடைக்கக்கூடிய பிளாஸ்டிக், உலோகப் பொருள்களே அங்குப் பொருந்தும். அட்டையும் காகிதமும் கழுவ முடியாதவை. அவற்றைப் பள்ளிக்கோ, அங்கன்வாடிக்கோ, முதியோர் இல்லத்துக்கோ கொடுப்பது நல்லது. எங்கே கொடுப்பதாக இருந்தாலும் முதலில் கேட்டுவிட்டுக் கொண்டுசெல்லுங்கள். தீக்காயம் பட்டவர் வீட்டில் விளையாடத் தொடங்கும் முன்பும் இயன்முறை சிகிச்சையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். புண் மூடாத கைக்கும் புதிதாகத் தோல் ஒட்டிய கைக்கும் ஓய்வு தேவைப்படலாம்.

தீ வைக்காதீர்கள்

பொருளைப் பிரித்த பின் எஞ்சுவதை என்ன செய்வது? நம் பகுதியில் பலரும் செய்வது, தெருமுனையில் குவித்துத் தீ வைப்பதுதான். இதை நாங்கள் மிகுந்த கவலையோடு சொல்கிறோம்: வேண்டாம்.

பிளாஸ்டிக் எரியும் புகை, ஆஸ்துமா உள்ளவரையும் நுரையீரல் நோயாளியையும் அன்றிரவே எங்கள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்துவிடும். பேட்டரி தீயில் வெடிக்கும். இவற்றுக்கும் மேலாக, வெடித்தொழில் சூழ்ந்த நம் ஊர் வீடுகளில் பழைய விளையாட்டுப் பெட்டிக்குள் பொம்மைத் துப்பாக்கியோடு சுருள் கேப்பும், தீபாவளியில் மிஞ்சிய வெடியும் மத்தாப்பும் கிடப்பது அரிதன்று. அடியில் என்ன இருக்கிறது என்று பாராமல் தீயிட்டால், குனிந்து கிளறுபவரின் முகமும் கையும்தான் முதலில் எரியும். தொழிற்சாலையில் அத்தனை எச்சரிக்கையோடு இருப்பவர், தம் வீட்டு வாசலில் காயம்பட்டு வருவதைக் காண நேர்வது எங்களுக்கு வேதனை அளிக்கிறது.

பெட்டியில் பட்டாசோ கேப்போ இருந்தால் பிரிக்காதீர்கள்; மருந்தைக் கொட்டாதீர்கள்; குழந்தைகளைத் தொடவிடாதீர்கள். ஒரு வாளி நீரில் முழுவதும் மூழ்கும்படி இரவு முழுக்க ஊறவையுங்கள். பிறகு அந்த ஈரத்தோடு தனிப் பையில் கட்டி, இன்னதென்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். அளவு அதிகமாக இருந்தால் தொடாமல் விட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.

வீட்டுக் குப்பையை மட்கும் குப்பை, உலர் குப்பை, வீட்டு அபாயக் குப்பை என மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. திறந்தவெளியில் எரிப்பதையும் அவை தடை செய்தன. அட்டை, காகிதம், உலோகம், பிளாஸ்டிக் ஆகியவை உலர் குப்பை. பழைய பேப்பர்க் கடைக்கும் போகலாம். பேட்டரிகளைக் கழற்றித் தனியே, முனைகளில் ஒட்டுநாடா ஒட்டிக் கொடுங்கள். பித்தளைத் தாயக்கட்டையையும் மரப் பல்லாங்குழியையும் எடைக்குப் போடும் முன் மட்டும் ஒருமுறை யோசியுங்கள். உங்கள் தெருவிலேயே அவற்றுக்கு ஒரு கை காத்திருக்கக்கூடும்.

அந்த அம்மையாரின் பெட்டி

அவரிடம் நாங்கள் சொன்ன முதல் வார்த்தையும் ‘மகனைக் கேளுங்கள்’ என்பதே. அன்றிரவு அலைபேசியில் கேட்டிருக்கிறார். புத்தகங்களையும் பொம்மைகளையும் பெங்களூரில் இன்னும் அந்த விளையாட்டை ஆடும் நண்பனுக்கு அனுப்பிவிடச் சொன்ன மகன், பகடைப் பையை மட்டும் வீட்டில் வைக்கச் சொன்னார். பெட்டி போன இடத்தில் கட்டில் வந்துவிட்டது.

பகடைப் பை இப்போது கட்டிலின் தலைமாட்டில் இருக்கிறது. நாள்தோறும் அவர் வலக்கையால் ஒவ்வொரு பகடையாக எடுத்து ஒரு டம்ளருக்குள் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் காணொலி அழைப்பில் வருகிறார். ‘அப்பா, கோட்டைக் கதவு பூட்டியிருக்கிறது, பத்துக்கு மேல் விழுந்தால் திறக்கும், உருட்டுங்கள்’ என்கிறாராம். தந்தை உருட்டி, விழுந்த எண்ணைத் தாமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பேச்சும் குழறும் அவருக்கு அதுவும் பயிற்சியே. சென்ற முறை பரிசோதனைக்கு வந்தபோது எங்கள் மேசையில் எடுத்துக் காட்டினார். நான்கு முகப் பகடையும் எட்டு முகப் பகடையும் பிடிக்குள் வந்துவிட்டன. ஏறக்குறைய உருண்டையாக இருக்கும் இருபது முகப் பகடை மட்டும் இன்னும் நழுவுகிறது.

எல்லா வீட்டிலும் இப்படி நடக்கும் என்று நாங்கள் உறுதி கூறவில்லை. சில பெட்டிகள் வீட்டை விட்டுப் போகத்தான் வேண்டும். ஆனால் போகும் முன் திறந்து பாருங்கள், உரியவரைக் கேளுங்கள், காய்களை எண்ணுங்கள், தீ வைக்காதீர்கள். எங்கள் பிரிவுக்குத் தர விரும்பினால், முன்கூட்டியே எங்கள் செவிலியரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். முழுமையான ஒரு பல்லாங்குழியோ, கழுவிய ஒரு சதுரங்கமோ போதும். அதன் முன் அமர்ந்து ஆடுவதற்கு, விரல் மடங்காத யாரேனும் ஒருவர் எங்கள் பிரிவில் இருப்பார்.